இடது பெடல்

வீட்டின் மேலதிகாரி அம்மாளுக்கு,

உன் உத்தரவுப்படி தினமும் காலை மடக்கி நீட்டிக்கொண்டிருக்கும் கணவன் எழுதுவது. இங்கே நானும் என் முட்டியும் சுகம். அங்கே நீயும் மகளும், புதிதாகப் பிறந்திருக்கும் பேத்தி குட்டி ராணியும் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் பாதியிலேயே திட்ட ஆரம்பித்துவிடுவாய். கடிதம் என்றால் முடிகிறவரை குறுக்கே பேச முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் நல்ல செய்தி. பிசியோ பெண் என் காலை மடக்கிப் பார்த்துவிட்டு, "இனிமே சைக்கிள் ஓட்டலாம் சார்" என்று சொல்லிவிட்டாள். சீட்டைக் கொஞ்சம் உயர்த்திக்கொள்ள வேண்டும், சமதரையில் மட்டும் ஓட்ட வேண்டும், மேடு வந்தால் இறங்கித் தள்ள வேண்டும். ஜவ்வைச் சரிசெய்த டாக்டரும் தலையாட்டிவிட்டார். பிசியோ அறையில் இருக்கும் நகராத சைக்கிளை மிதித்து மிதித்து எனக்கு வெறுத்துவிட்டது. எவ்வளவு மிதித்தாலும் எதிரே அதே சுவர், அதே எலும்புக்கூடு படம்.

வீட்டிலும் நல்ல பிள்ளையாகப் பயிற்சி செய்கிறேன். முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்துகிறேன். சுவரில் முதுகைச் சாய்த்து, இல்லாத நாற்காலியில் உட்காருகிறேன். ஒருநாள் அப்படி உட்கார்ந்திருந்தபோது மாடி வீட்டுக்காரர் வந்துவிட்டார். மனுஷன் பதறிப்போய் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து அடியில் போட்டார்.

ஆபீசில் இன்னும் புகார் ஜன்னலில்தான் உட்கார வைத்திருக்கிறார்கள். தெருத் தெருவாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்தவனுக்கு இது ஒரு தண்டனை. மீட்டர் தப்பாக ஓடுகிறது என்று ஒரு அம்மாள் சண்டைக்கு வந்தார். முகத்தைப் பார்த்து ஆள் தெரியவில்லை. விலாசம் சொன்னதும்தான், அட, துரத்துகிற நாய் இருக்கிற வீடு என்று புரிந்தது. இந்த மாதக் கடைசிக்குள் சைக்கிளில் வந்தால் பழைய வேலை, இல்லாவிட்டால் ஜன்னலே நிரந்தரம் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆசையாகச் சைக்கிளை வெளியே எடுத்தால் இடது பெடலைக் காணோம். தையல் மெஷின் டிராயர், அரிசி டப்பா எல்லாம் துழாவிவிட்டேன். மகளிடம் போனில் கேட்டபோதுதான் வண்டவாளம் தெரிந்தது. நீ அங்கே கிளம்பிய அன்று விமான நிலையத்தில் உன் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த பெடலைக் காட்டி, "என்னம்மா இது?" என்று கேட்டார்களாமே. நீ, "அது எங்க வீட்டுக்காரருக்குப் பிரேக்கு சார்" என்றாயாமே. எனக்குக் கோபமே வரவில்லை, அன்று முழுக்கச் சிரித்தேன்.

சைக்கிள் கடைக்காரர், "வேற ஒண்ணு மாட்டித் தரேன், என்ன பெரிய வேலை?" என்றார். வேண்டாம், ஜோடி சேராது என்று ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். உன்னிடம் மறைப்பானேன், எனக்குப் பயமாக இருக்கிறது. முட்டி தேறிவிட்டது, மனசுதான் இன்னும் தேறவில்லை. அன்று சரிவில் சைக்கிளோடு விழுந்தபோது முட்டிக்கு உள்ளே 'டக்'கென்று கேட்ட சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. முதல் தடவை ஏறும்போது நீ வாசலில் நின்று, "பாத்துப் போங்க" என்று ஒரு அதட்டல் போட வேண்டும். அது போதும், ஓட்டிவிடுவேன்.

குழந்தைக்குக் கழுத்து நிற்கும்வரை இருந்து பார்த்துக்கொள், அவசரமே இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. குட்டி ராணி நோய்நொடி இல்லாமல் நூறு வயது வாழட்டும். பெடலைப் பார்சலில் மட்டும் அனுப்பிவிடாதே.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்