மூன்று மில்லிமீட்டர்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். உன் முழங்கால் வலி தேவலையா? மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடாதே.

இங்கே வேலை அதேதான். தராசுக்குப் போகிற ஸ்பிரிங்கைக் கொக்கியில் மாட்டி, எடைக்கல்லைத் தொங்கவிட்டு, எவ்வளவு நீள்கிறது என்று அளக்க வேண்டும். ஒரு கிலோவுக்கு நான்கு மில்லிமீட்டர், இரண்டுக்கு எட்டு, மூன்றுக்குப் பன்னிரண்டு. கல்லை எடுத்ததும் பழைய நீளத்துக்கே திரும்பிவிட வேண்டும். ஐந்து கிலோதான் அது தாங்கும்.

நேற்று சேர்ந்தாற்போல இரண்டு ஷிப்டு. கண் சொருகியதில் ஐந்து கிலோவுக்குப் பதிலாகப் பதினைந்து கிலோ கல்லை மாட்டிவிட்டேன். பயப்படாதே, அடி ஒன்றும் இல்லை. கல்லை எடுத்த பிறகும் ஸ்பிரிங் மூன்று மில்லிமீட்டர் நீண்டே நின்றது. மேஸ்திரி வாங்கிப் பார்த்தார்.

“ரொம்ப இழுத்துட்டேப்பா. இனிமே இது பழையபடி சுருங்காது. குப்பையில போடு.”

போட மனசு வரவில்லை. சட்டைப் பையில் கிடக்கிறது.

இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்லிக் காகிதம் கொடுத்திருக்கிறார்கள். நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

ஒரு வேலை செய். பாப்பாவைச் சுவரோடு நிற்கவைத்து, அவள் உயரத்துக்கு ஒரு நூல் வெட்டி அனுப்பு. போன வருஷத்து நூல் என் இடுப்புவரை வருகிறது. அப்பாவுக்கு என்றால் குதிகாலைத் தூக்கிக்கொண்டு நிற்பாள், விடாதே. நீயும் நூலை இழுத்துப் பிடிக்காதே.

ஷிப்டு மணி அடிக்கிறது. பழைய நூலைவிட மூன்று மில்லிமீட்டர் கூடியிருந்தாலும் சரி, கையெழுத்துப் போடமாட்டேன்.

பாப்பாவின் அப்பா