இறால் பண்ணைக்கு என் கையெழுத்து

அன்புள்ள ஷஹர்பானுவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். கிள்ளானில் நான் நலம், கடையும் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

நேற்று மதார் சாகிப் மாமா போன் செய்து, “இன்னா மாப்ள, கழிக்கரையில அலையாத்தி நட்டதும் நீ, இறால் பண்ணைக்கு வழி வுட்டதும் நீயா?” என்றார். தமாஷ் என்று நானும் சிரித்தேன். பிறகுதான் விவரம் சொன்னார். “செடிக்கு வேலி போடணும், கையெழுத்துப் போடுண்ணே” என்று தம்பி ஜுனைத் அனுப்பினானே, அந்தத் தாள் நம் நிலத்தில் லாரிப் பாதைக்குச் சம்மதமாம். சரக்குச் சீட்டையே மூன்று தடவை படிக்கிறவன் நான். தம்பி என்பதால் படிக்கவில்லை. என்னோடு சேர்ந்து நீ சேற்றில் செருப்பைத் தொலைத்து நட்ட செடிகள் மேல்தான் பாதை வருகிறது.

அதனால்தான் கையால் எழுதி, ஊருக்கு வரும் காதரிடம் தருகிறேன். வெள்ளிக்கிழமை ஊர்க் கூட்டத்தில் இதைக் காட்டு. கையெழுத்து என்னுடையதுதான், ஏமாற்றி வாங்கியது. பாதைக்கு நான் சம்மதிக்கவில்லை. நீ அழாமல் பேசு.

காதர் திரும்பும்போது கொஞ்சம் நெத்திலிக் கருவாடு கொடுத்துவிடு. எப்போதும் ஜுனைத்தான் ஈரம் படாமல் கட்டித் தருவான். இந்தத் தடவை நீயே கட்டு.

கடையில் ஆள் நிற்கிறது.

உன்,
சையது முஸ்தபா