படுத்திருந்த தோப்பு

மாமா,

நேற்று மாலை எங்கள் வீட்டில் ஒரு முக்கியமான முடிவு எடுக்கப்பட்டது. இனிப் பாயசத்தில் முந்திரிப் பருப்பை முழுசாகப் போடுவதில்லை, உடைத்தே போடுவது. விலையைக் காரணம் காட்டி என் மனைவி முன்மொழிந்தாள், நான் எதிர்க்கவில்லை, தீர்மானம் உடனே அமலுக்கு வந்தது. உடைத்த பருப்பு நெய்யில் வறுபடும் வாசனை சிதம்பரத்து வாடகை வீடு முழுக்கப் பரவியபோது, உங்கள் தோப்பு ஞாபகம் வந்தது.

போன மார்கழியில் புயல் ஓய்ந்ததும் கடலூர் பஸ்ஸைப் பிடித்தேன். அது பாதி வழியில் நின்றுவிட, மீதியை நடந்தே வந்தேன். முந்திரி மரங்கள் எல்லாம் ஒரே திசையில் படுத்திருந்தன. நீங்கள் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தீர்கள். "வா மச்சான். இப்ப எங்கேருந்து பாத்தாலும் ரோடு தெரியுது பாரு" என்றீர்கள்.

அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. முழுச் சேதம் என்று எழுதினால் ஒரு தொகை, பகுதிச் சேதம் என்றால் அதில் சொற்பம். முழுத் தொகை வந்தால்தான் கட்டைகளைப் பிடுங்கி ஒட்டுக்கன்று நட முடியும். இல்லையென்றால் நிலத்தை விற்பதைத் தவிர வேறு வழியில்லை என்று அக்கா கணக்குப் போட்டிருந்தாள். அதிகாரிகள் வந்து பார்க்கும்வரை ஒரு கிளையையும் வெட்டக் கூடாது என்று ஊரில் சொல்லிவிட்டுப் போனார்கள். வெட்டிவிட்டால் மரம் இருந்தது என்பதற்கு என்ன சாட்சி? நியாயமான கேள்விதான்.

விறகு வியாபாரி லாரியோடு வந்து நின்றார். "இப்பவே குடுத்துடுங்க. நாளாக நாளாக வெல கொறையும். ஊரு மரமெல்லாம்தான் வுழுந்து கெடக்குது" என்றார். நீங்கள் கொடுக்கவில்லை.

மாசி வந்தது, அதிகாரிகள் வரவில்லை. ஒருநாள் போன் செய்தீர்கள். "மச்சான், துளுத்துடுச்சு." சந்தோஷமா பயமா என்று உங்கள் குரலில் தெரியவில்லை. வேரில் ஒரு நரம்பு மண்ணில் இருந்தால் முந்திரிக்குப் போதும் போலிருக்கிறது. படுத்தபடியே தளிர் விட்டிருந்தது. ஒடித்துப் போடுங்கள் என்றேன். "எதுக்குடா? வர்றவரு படிச்சவரு. மரம் நிக்குதா, படுத்துக் கெடக்குதான்னு தெரியாதா அவருக்கு?" என்றீர்கள்.

வந்தவர் நல்ல மனிதர். தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. ஒவ்வொரு மரமாகக் குனிந்து பார்த்தார்.

"தளிர் இருக்குதே?"

"படுத்துல்ல சார் கெடக்குது."

"படுத்திருக்கு. ஆனா உயிர் இருக்குல்ல? உயிர் இருந்தா பகுதிச் சேதம்தாங்க. ரூல் அப்படி."

"அப்ப படுத்துக்கிட்டே காய்க்குமா சார்?"

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே பகுதிச் சேதம் என்று எழுதினார்.

கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு கொடுக்க நாம் இரண்டு பேரும் போனோம். வரிசை வெயிலில் வாசல் தாண்டி நின்றது. மனுவை வாங்கிக்கொண்டவர், மறுபடி வந்து பார்ப்பார்கள், அதுவரை வெட்டாதீர்கள் என்றார். வைகாசி வெயிலில் தளிர் மொத்தமும் கருகியது. "இப்ப வந்து பாக்கச் சொல்லு மச்சான். சுத்தமா செத்துடுச்சு" என்று போனில் உற்சாகமாகச் சொன்னீர்கள். நான் யாரிடம் சொல்வது? சிதம்பரத்தில் எனக்குத் தெரிந்த பெரிய அதிகாரி, எங்கள் தெரு போஸ்ட்மேன்.

ஆடியில் காய்ச்சல் என்று படுத்தீர்கள். கடலூர் ஆஸ்பத்திரியில் நான் வந்து பார்த்தபோது கண்ணைத் திறந்து, "வந்தாங்களா?" என்று கேட்டீர்கள். வருவார்கள் என்றேன். மறுநாள் விடியும்போது நீங்கள் இல்லை.

இப்போதும் தெருவில் யாராவது நிறுத்தி, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், பகுதிச் சேதம் என்றுதான் வாயில் வருகிறது. அடக்கிக்கொண்டு, நல்லா இருக்கேன் என்கிறேன்.

ஐப்பசியில் அக்கா நிலத்தை விற்றாள். வாங்கியவர் ஜேசிபி வைத்து ஒரே நாளில் கட்டைகளை அகற்றிவிட்டார்.