தலை வைத்த கிட்டார்

அன்புள்ள பொடிசுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். போனில் நூறு தடவை கேட்டாயிற்றே என்றேன். எழுத்தில் கேட்டால்தான் நீ பொய் சொல்ல மாட்டாயாம். ஆகவே எழுத்திலேயே பதில் போடு.

கடைச் செய்தி நல்ல செய்தி. நீ செய்து வைத்துவிட்டுப் போன எட்டு கிட்டாரில் ஐந்து போய்விட்டன. முதல் இரண்டு மாதம் சுவரில் தூங்கிய பொருள், இப்போது ஆள் தேடி வருகிறது. பல் டாக்டர் ஒருவர் தன் பழைய கம்பெனிக் கிட்டாரை விற்றுவிட்டு உன்னுடையதை வாங்கிப் போனார். கிளம்பும்போது நீ சொன்னாயே, ஜனங்களுக்குப் புதுசு பிடிக்காதுன்னு சொல்லாதீங்கப்பா, நாமதான் காட்டுறதில்லைன்னு. நீ சொன்னதுதான் சரி போலிருக்கிறது.

விலையைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். நீ குறித்த தொகை உனக்கு வந்து சேரும். வியாபாரத்தில் சில நெளிவு சுளிவுகள் உண்டு, அது என் பாடு. மீதி மூன்றையும் இந்த மாதத்துக்குள் தள்ளிவிடுவேன்.

சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. அம்மா குழாய்க்காரரையும் என்னையும் சேர்த்தே திட்டுகிறாள். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ.

நீ நினைத்ததெல்லாம் நடக்கும்.

அப்பா

* * *

அன்புள்ள மகளுக்கு,

இதை உட்கார்ந்து படி. யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. அம்மா நன்றாக இருக்கிறாள், என்னோடு பேசுவதில்லை என்பதைத் தவிர.

ஞாயிற்றுக்கிழமை போனில் உன் குரலைக் கேட்டேன். எட்டும் விற்றுவிட்டது என்று கேட்டதும் தொழிற்சாலைக்காரர் ஒப்புக்கொண்டார், மாதக் கடைசியில் முந்நூறு கிட்டார் செய்யக் கையெழுத்துப் போடப்போகிறேன் என்று மூச்சுவிடாமல் சொன்னாய். நான் ரொம்ப சந்தோஷம்மா என்று சொல்லிவிட்டுப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். உன் குரலில் இருந்த துள்ளலுக்கு நடுவே எனக்கு நா எழவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். இதைப் படித்து முடிக்கும்வரை கையெழுத்துப் போடாதே.

எட்டு கிட்டார் விற்றது உண்மை. அவை நீ செய்த கிட்டார்கள் அல்ல.

முதலிலிருந்தே சொல்கிறேன். நீ போன பிறகு எட்டையும், தலைக் கட்டை இல்லாமல் நீ செய்தபடியே, வாசலுக்கு நேரே இருக்கும் சுவரில் மாட்டினேன். வந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள், யாரும் கையில் எடுக்கவில்லை. கல்லூரிப் பையன்கள் நாலு பேர் வந்து, இதோட தலை எங்க, தனியா வாங்கணுமா என்று கேட்டுச் சிரித்தார்கள். ஒருவன் அதைத் துடுப்பு மாதிரி பிடித்துக்கொண்டு படகு ஓட்டிக் காட்டினான். நானும் சிரித்தேன். பிறகு ஒரு கம்பெனி மேனேஜர் வந்து வாசித்துப் பார்த்தார். சத்தம் பிடித்திருந்தது, முகத்தில் தெரிந்தது. விலையைப் பார்த்ததும் கீழே வைத்துவிட்டார். இவ்வளவு கம்மியா இருக்குன்னா உள்ள ஏதோ குறை இருக்கும்ல என்றார். குறை இல்லை, பேருக்கும் பழைய வடிவத்துக்கும் பணம் வாங்காததால்தான் கம்மி என்று நீ எனக்குப் பாடம் நடத்தியிருந்தாய். அதை அப்படியே சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, இதைப் போல மூன்று மடங்கு விலையுள்ள பழைய கம்பெனிக் கிட்டாரை வாங்கிக்கொண்டு போனார். தோளில் மாட்டியபோது அதன் பாரத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நடந்தார்.

அன்றைக்குத்தான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. நம் கடைக்குப் பக்கத்தில் போட்டோவுக்குச் சட்டம் போடும் தச்சர் இருக்கிறாரே, அவரிடம் ஒரு கிட்டாரை எடுத்துப்போய், கழுத்து முடியும் இடத்தில் பழைய பாணியில் ஒரு தலை செய்து ஒட்டச் சொன்னேன். ரிப்பேர் பெட்டியில் கிடந்த, கம்பி முறுக்கும் பழைய சாவிகள் ஆறை அதில் பொருத்தினோம். கம்பி எதுவும் அவற்றில் சுற்றியிருக்காது, நீ அமைத்தபடி கீழ்ப்பக்கத் திருகில்தான் எல்லாம் நடக்கும். இது எதுக்கு சார் என்று தச்சர் கேட்டார். பார்வைக்கு என்றேன். அப்போ பசை போதும், ஆணி வேண்டாம் என்றார். எட்டுக்கும் அப்படியே செய்தோம்.

பிறகு விலையை இரண்டு மடங்காக்கி, சுவரிலிருந்து எடுத்துக் கண்ணாடி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். பூட்டியதும் ஆள் வந்தது. திறந்து காட்டுங்க என்று கேட்டார்கள். பல் டாக்டர் அரை மணி நேரம் வாசித்துவிட்டு, ஓசை இவ்வளவு நேரம் நின்று கேட்பதற்கு அந்தத் தலைக் கட்டைதான் காரணம் என்று எனக்கு விளக்கினார். ஆமாம் சார் என்றேன். உனக்கு எழுதிய போன கடிதத்தை அந்தச் சந்தோஷத்தில்தான் எழுதினேன். நீ சொன்னதுதான் சரி என்று அதில் எழுதினேனே, அந்த வரியை எழுதும்போது எனக்குக் கை கூசவில்லை. இப்போது கூசுகிறது.

ஒரே ஒரு கிட்டார் மீதி இருந்த சனிக்கிழமை, ஹோட்டலில் கிட்டார் வாசிக்கும் உன் அக்கா வந்தாள். உனக்கு அவளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. தோளில் ஆபரேஷன் ஆனவளை மணிக்கணக்காக நிற்கவைத்து, பையில் மணலைக் கூட்டியும் குறைத்தும் மாட்டி, எந்த எடை வரைக்கும் வலிக்கவில்லை என்று பார்த்துத்தானே அந்த உடலையே நீ செதுக்கினாய். அவள் வாங்கக்கூடிய விலையாக இருக்கட்டும் என்று சொல்லித்தானே விலையும் வைத்தாய். அவள் அந்த விலைக்குப் பணம் சேர்த்துக் கொண்டுவந்திருந்தாள். பல் டாக்டரும் அவருடைய சிநேகிதர் ஒருவரும் அப்போது கடையில் இருந்தார்கள். சிநேகிதருக்காக அந்தக் கடைசிக் கிட்டாரை அலமாரியிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்திருந்தேன்.

அவள் ஆசையாக எடுத்துத் தோளில் மாட்டினாள். கழுத்துப் பக்கம் சட்டென்று கீழே இறங்கியது. நான் ஒட்டிய தலையின் பாரம். அவள் இடது கையால் தாங்கிக்கொண்டு அந்தத் தலையைப் பார்த்தாள். நகத்தால் ஒரு சாவியைத் தட்டினாள். அது பம்பரம் மாதிரி சும்மா சுற்றியது. பிறகு விலைச் சீட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

ஒரு வார்த்தை அவள் சொல்லியிருந்தால் அங்கேயே என் மானம் போயிருக்கும். அவள் சொல்லவில்லை. நான்தான் முந்திக்கொண்டு, இது வேற மாடல்மா, உன்னோடது இன்னும் வரல என்றேன். சரிங்கப்பா, வந்தா சொல்லுங்க என்றாள். கிட்டாரைக் கழற்றி, குழந்தையைப் படுக்கவைப்பது போல மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். சிநேகிதர் அதையே வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் அவள் வாசிக்கும் ஹோட்டலுக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று தெரியவில்லை. தூணுக்குப் பின்னால் ஒரு மேஜையில் உட்கார்ந்து, வேண்டாத காபி ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டேன். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து பாறாங்கல் மாதிரி கனக்கும் தன் பழைய கிட்டாரை மடியில் வைத்து வாசித்தாள். நின்று வாசிக்கிறவள் அவள். ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவே வாருக்கு அடியில் விரலை விட்டுத் தோளை நீவிக்கொண்டாள். ஜனங்கள் கை தட்டினார்கள். என்னால் தட்ட முடியவில்லை.

மறுநாள் பல் டாக்டரின் கிளினிக்குக்குப் போனேன். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களோடு நானும் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பிடுங்க வேண்டியது பல் அல்ல, சொல். உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னேன். தலையை எடுத்துத் தருகிறேன், பாதிப் பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினார். தலைய எடுத்துட்டா நாலு பேர் முன்னாடி இதை எப்படி சார் எடுத்துட்டுப் போறது, பணமெல்லாம் வேணாம், யார்கிட்டயும் சொல்லாம இருங்க, அது போதும் என்றார். என்னைக் கோபித்துக்கொள்வார் என்று போனேன். என்னைவிட அவர்தான் அதிகமாகக் கூசிப்போயிருந்தார். எனக்கு அவரைப் பார்த்து இரக்கம் வந்தது, அந்த இரக்கத்துக்கும் நானே காரணம் என்று பிறகுதான் உறைத்தது.

சிநேகிதருக்கு அந்தக் கூச்சமெல்லாம் இல்லை. நான் விஷயத்தைச் சொன்னதும் கிட்டாரைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்து முழுப் பணத்தையும் வாங்கிப் போனார். வாங்கிய அன்று தேன் மாதிரி இருந்த ஓசை, அப்பவே மெலிசாத்தான் இருந்துச்சு என்று ஆகிவிட்டது. மற்ற ஆறு பேருக்கும் நானே போன் செய்தேன். இரண்டு பேர் வந்து பாதிப் பணத்தை வாங்கிப் போனார்கள். மூன்று பேர் அப்படியே இருக்கட்டும் என்றார்கள். ஒருவர் வைத வசவை உனக்கு எழுத முடியாது. அதில் தப்பு ஒன்றும் இல்லை.

திரும்பி வந்ததில் இருந்த தலையை நானே சூடு காட்டிப் பெயர்த்தேன். பசையோடு பெயிண்டும் உரிந்து வந்து, கழுத்து நுனியில் கட்டை விரல் அகலத்துக்குத் தழும்பு விழுந்துவிட்டது. அதை எடுத்துக்கொண்டு ஹோட்டலுக்குப் போனேன். நாற்காலிகளை இன்னும் போட்டு முடிக்காத நேரம். அவள் மாட்டிக்கொண்டு நின்றாள். இரண்டு கையையும் விட்டாள். கிட்டார் அசையாமல் நேராக நின்றது. ஒயரை மாட்டாமலே கொஞ்ச நேரம் வாசித்தாள். எனக்கு மட்டும் கேட்கிற அளவுக்குத்தான் ஓசை.

பிறகு, உங்க பொண்ணுக்குத் தெரியுமா அப்பா என்று கேட்டாள். இன்னும் இல்லம்மா என்றேன். அவள் கிட்டாரைக் கழற்றிப் பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடி, என் கையில் கொடுத்தாள். முதல்ல அவகிட்ட சொல்லுங்க, அப்புறம் அவ என்ன விலை சொல்றாளோ அதுக்கு வாங்கிக்கிறேன் என்றாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். பெத்த பொண்ணு தலையிலயே கை வச்சிட்டீங்களே என்றாள். அதற்கப்புறம் பேச்சு இல்லை. சாப்பாட்டுத் தட்டு மட்டும் நேரத்துக்கு வருகிறது. நான் அதிகமாக வாங்கியதில் மீதி இருப்பதை ஒரு உறையில் போட்டு அவளிடம் கொடுத்தேன். அவள் தொடவே இல்லை.

இது எல்லாவற்றையும்விட ஒன்று இருக்கிறது. அதை எழுதாமல் கவரை ஒட்டிவிடலாமா என்று பார்த்தேன். பேராசையால் செய்தேன் என்று நீ நினைத்தால் எனக்கு அது சுலபமாகப் போய்விடும். ஆனால் அது இல்லை. அந்தப் பையன்கள் சிரித்த அன்று, இதை யார் செய்தது அங்கிள் என்று கேட்டார்கள். ஏதோ வெளியூர் கம்பெனி என்று சொன்னேன். என் மகள் என்று சொல்லவில்லை. அன்றிலிருந்து எட்டு விற்று முடியும்வரை யாரிடமும் சொல்லவில்லை. தலை இல்லாத கிட்டாரைப் பார்த்து எனக்கு வெட்கமாக இருந்தது. உன்னை நினைத்து வெட்கமாக இருந்தது. ஊர் சிரிக்காத மாதிரி உன்னை ஆக்கிவிட வேண்டும் என்றுதான் அந்தக் கட்டையை ஒட்டினேன்.

முந்நூறு செய்வதா வேண்டாமா என்பது உன் தீர்மானம். நீ செய்தபடியே வைத்து, நீ வைத்த விலையில் ஒன்றுகூட நான் விற்கவில்லை என்பதைத் தொழிற்சாலைக்காரரிடம் சொல்லிவிடு. என் பெயரைச் சொல்லியே சொல். அதோடு, இரண்டு கையையும் விட்டபோது அது நேராக நின்றது என்பதையும் சொல். அதை நான் கண்ணால் பார்த்தேன்.

அந்த ஒரு கிட்டாருக்கு விலை எழுதி அனுப்பு. அவள் காத்திருக்கிறாள்.

எனக்கும் இரண்டு வரி எழுது. என்ன வேண்டுமானாலும் எழுது, திட்டினால் கேட்டுக்கொள்கிறேன். பரவாயில்லை அப்பா என்று மட்டும் எழுதிவிடாதே.

நீ கை வைப்பதெல்லாம் நன்றாக வரட்டும், மகளே. என் கை படாமலே வரட்டும்.

அப்பா