மீட்டர் காட்டிய பூஜ்யம்

குற்றாலம்,
ஜூன் 3, 2025

அன்புள்ள கிறிஸ்டிக்கு,

போனில் எவ்வளவு பேசினாலும் தண்ணீர் பாட்டிலோடு என் கையெழுத்தும் வந்தாக வேண்டும் உனக்கு. இந்தா, எழுதிவிட்டேன்.

சாரல் தொடங்கிவிட்டது. எங்கள் லாட்ஜில் அறை காலியில்லை. கிணற்றுத் தண்ணீரைப் பரீது பாய் வேனில் உன் லேபுக்குக் கொடுத்துவிட்டிருக்கிறேன். தண்ணீர் சுத்தம் என்று சர்டிபிகேட் வந்தால்தான் முகப்பில் மாட்டலாம். நீயே பார், வேறு யாரிடமும் கொடுத்துவிடாதே.

உன் வடிவு


தென்காசி,
ஜூன் 5

என் வடிவுக்கு,

சர்டிபிகேட் இத்துடன். தண்ணீருக்குள் ஊதா வெளிச்சம் விட்டால் கிருமி ஒளிரும், எவ்வளவு என்று மீட்டர் சொல்லும். உன் கிணறு கிருமியில்லாத நாளிலும் ஏழு, எட்டு காட்டும். மலையிலிருந்து இலை ஊறி வருகிற தண்ணீர், அந்தச் சாறும் கொஞ்சம் ஒளிரும். இந்தத் தடவை பூஜ்யம். மீட்டர் கெட்டுவிட்டதோ என்று வேறு தண்ணீரை வைத்துப் பார்த்தேன், சரியாகத்தான் இருக்கிறது. கிணற்றை இறைத்துத் தூர்வாரினாயாக்கும், சோம்பேறி திருந்திவிட்டாள் என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன்.

சனிக்கிழமை சுரண்டையிலிருந்து என் தம்பி பென்னி, மகள் ஜெர்லினோடு அருவிக்கு வருகிறான். உன் லாட்ஜில்தான் தங்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். பிள்ளைக்குக் காரம் ஆகாது, பார்த்துக்கொள்.

உன் கிறிஸ்டி


தென்காசி,
ஜூன் 11

வடிவு,

நாலு தடவை போன் அடித்தும் நீ எடுக்கவில்லை. ஜெர்லினுக்கு மூன்று நாளாக வயிற்றுப்போக்கு. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறுகிறது. ஐந்து வயசுப் பிள்ளை, நரம்பு கிடைக்காமல் நாலு இடத்தில் குத்திவிட்டார்கள். "அத்த, ஊசி வேண்டாம்னு சொல்லுங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அறையில் விட்டுவந்த துணியை எடுக்க நேற்று அங்கே வந்த பென்னி, உன் லாட்ஜ் குழாயில் தண்ணீர் பிடித்து வந்தான். மீட்டரில் வைத்தேன். தொண்ணூற்றிரண்டு.

அப்போதுதான் உன் பூஜ்யம் உறைத்தது. கேன் தண்ணீர்தான் அப்படிக் காட்டும். இது எனக்குத் தெரியாததா? உன் கையெழுத்தைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டேன்.

எந்தத் தண்ணீரை அனுப்பினாய்?

கிறிஸ்டி


குற்றாலம்,
ஜூன் 12

கிறிஸ்டிக்கு,

கேன் தண்ணீர்தான். போன மாத மழையில் கழிவுத்தொட்டி கிணற்றுப் பக்கம் கசிந்துவிட்டது. மூன்று மாதச் சீசன் வருமானத்தில்தான் வருஷம் முழுக்கச் சாப்பிடுகிறோம். வீட்டுக்காரர் பயந்தார். "லேப்ல கண்டுபிடிச்சிருவாவ, வேண்டாம்ட்டி" என்றார். நான்தான், "அங்கன கிறிஸ்டில்லா இருக்கா, நான் அனுப்புனா ஒண்ணும் கேக்க மாட்டா" என்றேன்.

ஜெர்லின் குழாயில் தண்ணீர் பிடித்துக் குடித்ததையும் பார்த்தேன். தடுத்தால் பென்னி காரணம் கேட்பான் என்று பேசாமல் நின்றேன்.

சர்டிபிகேட்டைக் கிழித்துவிடுகிறேன். வெளியே சொல்லிவிடாதே. பிள்ளையைப் பார்க்க வரட்டுமா?

உன் வடிவு


தென்காசி,
ஜூன் 13

வடிவம்மாள் அவர்களுக்கு,

ஜெர்லின் இன்று கஞ்சி குடித்தாள். நீ வர வேண்டாம். பென்னி ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறான், உன்னோடு சண்டைக்கு வந்தால் அவனை நான் தடுக்க மாட்டேன்.

கிழித்தால் போதாது. சந்தேகப்பட வேண்டிய தண்ணீருக்குக் கையெழுத்துப் போட்டேன் என்று மேலாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். என் வேலை இருக்குமா தெரியவில்லை. சுகாதார அலுவலகத்துக்கும் தகவல் போய்விட்டது. நாளைக் காலை அவர்கள் வருவார்கள், நானும் வருகிறேன். உன் கிணற்றில் பாட்டிலை நானே முக்கி எடுப்பேன்.

வாசலில் கால் வைத்ததும் "தண்ணி குடிக்கியாட்டி" என்று கேட்பாய், எப்போதும். நாளைக்குக் கேட்காதே.

கிறிஸ்டி