மூன்று நாள் பொறுக்காத நெல்

14-10-1972
டிரையர் பூட்டி முடித்தாயிற்று. உமியை எரித்த சூட்டில் ஈர நெல்லைக் காயவைக்கும். வரைந்து கட்டியது நான். முதல் போட்டவர் கூத்தாநல்லூர் ஹாஜா மைதீன் பாய். அவருக்கு நாளைக்கே திறக்க வேண்டும். "மழை உனக்காக நிக்காது தம்பி."

சூடு மீறினால் நெல்லின் உயிர் போய்விடும். சோதனைக்குக் காயவைத்ததில் ஒரு பிடியை ஈரத்துணியில் கட்டியிருக்கிறேன். மூன்று நாளில் முளைத்தால் திறப்போம் என்றேன். முனகிக்கொண்டே சம்மதித்தார்.

15-10-1972
மழை.

16-10-1972
அம்சம் அக்கா ஓடிவந்தாள். கூலிக்காரியாக இருந்தவள், பண்ணையாரிடமிருந்து சர்க்கார் எடுத்த உபரி நிலத்தில் பட்டா வாங்கி, சொந்தமாய் அறுத்த முதல் குறுவை. களத்தில் நனைந்து கிடக்கிறது.

"இன்னிக்கு விட்டா முளைச்சிடும்டா. அடுத்த விதையும் இதுலதான் எடுக்கணும். நீ படிச்சதுக்கு இதுகூடச் செய்யமாட்டியா?"

"விதைக்குன்னா துணிய அவுக்கிறவரை பொறுப்போமே தம்பி," என்றார் பாய். அவர் வாயில் பொறுமை! நான் கேட்கவில்லை. அடுப்பை மூட்டினேன்.

நெல் பொன்னாக வந்தது. அக்கா அள்ளி முகர்ந்து சிரித்தாள்.

19-10-1972
எங்கள் தெருவே மூட்டையோடு நிற்கிறது. சோதனைத் துணி எங்கே? யாரோ பெருக்கித் தள்ளிவிட்டார்கள் போல. போகட்டும்.

24-6-1973
அக்காவின் நாற்றங்காலில் ஒரு பச்சை இல்லை. சேற்றைக் கிளறி ஒரு நெல்லை எடுத்தாள். அழுகியிருந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "உன்ன நம்பித்தானடா போட்டேன்," என்று மட்டும் சொன்னாள்.

வேறு விதைக்கு யாரிடம் போவது? தெருவில் எல்லார் விதையும் எங்களிடம் காய்ந்ததுதானே. பழைய பண்ணையார் மட்டும் வெயிலில் காயவைத்திருக்கிறார், எங்களுக்குத் தரமாட்டாராம். "நிலம் வாங்கினா போதுமா, வெள்ளாமை தெரிய வேணாமா?" என்று டீக்கடையில் சிரிக்கிறாராம்.

ஒருநாள். ஒரே ஒருநாள் பொறுத்திருக்கக் கூடாதா நான்? பொறுத்திருந்தால் களத்திலேயே முளைத்திருக்குமே — என்னதான்டா செய்திருக்கணும்?

12-7-1973
அக்கா பண்ணைக்கு நடவுக்குப் போகிறாள், கூலிக்கு. தன் வயல் வரப்பு வழியாகத்தான் போகவேண்டும்.

6-10-1973
சூட்டைக் குறைத்து மறுபடி ஓட்டினோம். இந்தத் தடவை துணியைக் கட்டியவர் பாய்தான். இன்று அவிழ்த்தோம். ஒன்று விடாமல் முளைத்திருந்தது.

துணியோடு அக்கா வீட்டுக்கு ஓடினேன். கதவு சாத்தியிருந்தது. பண்ணை அறுப்புக்குப் போயிருக்கிறாள். காயவைக்க அவளிடம் நெல்லே இல்லை என்பது அங்கே நின்றபோதுதான் உறைத்தது.