பால்காரர் சொல்லித் தெரிந்த சங்கதி

அம்பாசமுத்திரம்,
வியாழக்கிழமை

அன்பு மகன் கணேஷ்ராமுக்கு அம்மா எழுதுவது. நான் நலம், முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீயும் விஜயஸ்ரீயும் புனேயில் நலமாக இருக்கப் பாபநாசநாதர் துணை இருக்கட்டும். ஆற்றில் நல்ல தண்ணீர், கார் நடவு தொடங்கிவிட்டது. பின்வீட்டு வேணிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. இதையெல்லாம் போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் என்றால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான்.

ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டு, கௌஹாத்திக்கு மாற்றல் வந்திருக்கிறது, போவதாக ஒப்புக்கொண்டுவிட்டேன் என்றாய். நேற்று விஜயஸ்ரீ, சொதிக்குத் தேங்காய்ப்பால் எப்போது ஊற்றுவது என்று கேட்கக் கூப்பிட்டாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "கௌஹாத்தில குளிருமாம்லா, கம்பளி வாங்கிட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டேன். "அவங்க எங்கிட்ட ஒண்ணும் சொல்லலியே அத்தை" என்று வைத்துவிட்டாள். சொதியைப் பற்றி அப்புறம் கேட்கவே இல்லை. அவளுக்கும் அங்கே பள்ளிக்கூடத்தில் வேலை இருக்கிறதே, அதை விட்டுவிட்டு வருவாயா என்று அவளிடம் கேட்க வேண்டாமா?

உன் அப்பாவும் இப்படித்தான் இருந்தார். அப்போது நீ கைக்குழந்தை, விக்கிரமசிங்கபுரத்தில் மில்லுக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். ஒருநாள் பாலுக்குச் செம்பை நீட்டினால், பால்காரர் பிச்சைக்கண்ணு, "ஒண்ணாந்தேதியில இருந்து பாலு வேண்டாம்னு அண்ணாச்சி சொல்லிட்டாவளே, அம்பாசமுத்திரத்துக்குக் குடி போறியளாமே" என்கிறார். செம்பும் கையுமாக நின்றேன். உன் அப்பா தன் அம்மாவிடம் சொல்லி, பால்காரரிடமும் சொல்லி, என்னிடம் மட்டும் சொல்ல மறந்திருக்கிறார். மூன்று நாள் நான் பேசவில்லை. நாலாம் நாள், "ஏளா, என்ன கோவம்?" என்றார். பால்காரருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியக் கூடாதா என்று கேட்பதற்குள் அழுகை வந்துவிட்டது. சைக்கிள் பூட்டைத் திருகிக்கொண்டே நின்றவர், "தப்புதான்" என்றார். குடி மாறத்தான் செய்தோம். ஆனால் அன்றிலிருந்து, மில் விட்டு வந்ததும் தலையில் ஒட்டிய பஞ்சோடு அடுப்படி வாசலில் நின்று, நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் குளிக்கப் போவார். எந்த மெஷின் நின்றது, யாருக்கு லீவு கிடைக்கவில்லை, எல்லாம். "நீ என்ன நினைக்கே?" என்றும் கேட்பார். சொல்ல எதுவும் இல்லாவிட்டால், "இன்னைக்கு ஒண்ணுமில்ல" என்று அதையும் சொல்வார். அவர் போய் நாலு வருஷம் ஆகிறது. தெருவில் சைக்கிள் மணி கேட்டால் இன்னமும் அடுப்படி வாசலைத் திரும்பிப் பார்க்கிறேன். அந்த "ஒண்ணுமில்ல"யை இன்னும் ஒரு தடவை கேட்டால் போதும் என்றிருக்கிறது.

உண்மையைச் சொல்கிறேன், நீ எதையும் முதலில் என்னிடம் சொல்வது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமை இனி எனக்கு வேண்டாம். முடிவு செய்துவிட்டுச் சேதி சொல்லாதே, அதற்கு முன்னே அவளோடு உட்கார்ந்து பேசு. அவள் பேசும்போது போனைக் கவிழ்த்து வை. போகவேண்டாம் என்றால் ஏன் என்று கேள், உடனே பதில் சொல்லப் பாயாதே. இந்த ஞாயிறு என்னைக் கூப்பிடாதே. உங்கள் வீட்டுச் சேதி இனி அவள் வாயால் எனக்கு வரட்டும்.

இருவரும் மனம் ஒத்து நிறைவாக வாழ ஆசீர்வாதம். சொதிக்குக் கெட்டிப்பாலை இறக்குகிற நேரத்தில்தான் ஊற்ற வேண்டும், இது விஜயஸ்ரீக்கு. கவரின் மேல் அவள் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். அவள் பிரித்துப் படித்துவிட்டுத்தான் உன்னிடம் தருவாள். உன் வீட்டுச் சங்கதி உனக்குக் கடைசியில் தெரிவது எப்படி இருக்கிறது என்று நீயும் ஒரு தடவை பார்.

உங்கள் அம்மா,
பார்வதியம்மாள்